நிறத்துக்கு ஒரு வெளிச்சம், தையலுக்கு ஒரு வெளிச்சம்

வணக்கம்.

நான் கையால் குயில்ட் (நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைப்பவள். வெயிலில் படம் எடுத்தால் நிறம் கெட்டுவிடும், மேகமூட்டமான நாளில் எடு என்றார்கள். அப்படியே எடுத்தேன். நிறம் ஓரளவு சரியாக வந்தது. ஆனால் மாதக்கணக்கில் போட்ட தையல் படத்தில் தெரியவே இல்லை. வெள்ளைத் துணி வேறு அழுக்குப் பிடித்ததுபோல் சாம்பலாக இருக்கிறது. போனில்தான் எடுக்கிறேன். நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?

ம.

அன்புள்ள ம.,

கேமரா வாங்க வேண்டாம். உங்களிடம் இருப்பதே போதும். உங்களுக்குச் சொன்ன யோசனையும் சரியானதுதான், பாதி வேலைக்கு.

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிறது உங்கள் தையல். நூல் இழுத்த இடம் பள்ளமாகிறது, இரண்டு வரிகளுக்கு நடுவே பஞ்சு புடைத்து நிற்கிறது. சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணில் படுவது நூலைவிட இந்த மேடு பள்ளம்தான். அதைக் காட்ட நிழல் வேண்டும். மேகமூட்டத்தில் வானம் முழுவதும் ஒரே விளக்குபோல் ஆகி எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் வருவதால், நிழல் விழ வழியே இல்லை. நிறத்துக்கு உதவும் அதே வெளிச்சம் தையலை அழித்துவிடுகிறது. ஒரே படத்தில் இரண்டையும் பிடிக்க முயலாமல் இரண்டு படங்களாக எடுங்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

தையலுக்கான படத்தைச் சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ எடுங்கள். வெயில் குயில்ட்டின் முகத்தில் நேராக விழக் கூடாது. இடமிருந்தோ வலமிருந்தோ துணியை உரசிக்கொண்டு போக வேண்டும். குயில்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் வரிகள் சட்டென்று எழுந்து நிற்கும். அங்கே நிறுத்துங்கள். வெயில் குயில்ட்டுக்குப் பின்னாலிருந்து வரவே வேண்டாம். துணி வழியே ஒளி ஊடுருவி, உள்ளே மடிந்த தையல் ஓரங்கள் எல்லாம் தெரியும். பக்கவாட்டு வெயில் மடிப்புக் கோடுகளையும் விடாமல் காட்டும், அதனால் முதல் நாளே வீட்டுக்குள் விரித்துப் போட்டுவிடுங்கள். அந்த நேரத்து ஒளி மஞ்சள். நிறத்துக்கு இந்தப் படத்தை நம்பாதீர்கள்.

நிறத்துக்கு உங்கள் மேகமூட்டமே நல்லது. வெள்ளை சாம்பலாவதற்குக் காரணம் கேமராவின் கணக்கு. தன் முன் இருப்பது சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று எண்ணியே அது வெளிச்சத்தை அளக்கிறது. படம் முழுக்க வெள்ளை நிறைந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். போன் திரையில் குயில்ட்டைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதை எண்ணில் காட்டும் கேமராவில் +⅔ முதல் +1 வரை வையுங்கள். கருந்துணி அதிகமென்றால் கீழே. அடர்சிவப்புக்கும் கொஞ்சம் குறைப்பது நல்லது, இல்லாவிட்டால் சிவப்புத் துண்டுகள் பூவேலை எல்லாம் மறைந்து ஒரே திட்டாகிவிடும்.

மரநிழல் வேண்டாம். இலைகளில் பட்டு வரும் பச்சை, வெள்ளைத் துணியில் அப்படியே ஏறும். வண்ணச் சுவரும் அதையே செய்யும். நீல வானத்துக்குக் கீழே கட்டிட நிழலில் எடுத்தால் எல்லாம் நீலம் பூசிக்கொள்ளும். அப்போது கேமராவில் நிறச் சாயலைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலை (white balance) அமைப்பில் 'நிழல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, படத்தில் குயில்ட் கோணாமல் நேராக வருவதற்கு: போனைக் குயில்ட்டின் நடு உயரத்தில், அதற்கு இணையாகப் பிடியுங்கள். மிக நெருங்கி நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் ஓரங்கள் இழுபடும். பின்னால் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள்.

கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் மேல் ஓரம் அலை அலையாகத் தொய்யும். பின்புறம் மேலே நீளமாக ஒரு துணிக்குழாய் தைத்து, அதில் கம்பு நுழைத்துத் தொங்கவிடுங்கள். நூல் நைந்த பழைய குயில்ட்டைத் தொங்கவிடவே வேண்டாம், தன் எடையிலேயே கிழியும். சுத்தமான விரிப்பின் மேல் போட்டு எடுங்கள். எதுவானாலும் படம் முடிந்ததும் உள்ளே கொண்டுபோய்விடுங்கள். வெயில் சாயத்தைத் தின்றுவிடும். இத்தனை உழைப்பை ஒரு படத்துக்காக வெளுக்க விடக் கூடாது.

அப்புறம், அடித்துணி ஒற்றை நிறமாக இருந்தால் அதையும் அந்தத் தாழ்ந்த வெயிலில் ஒருமுறை எடுங்கள். பூப்போட்ட மேல்துணியில் ஒளிந்துகொள்ளும் தையல் அங்கே முழுசாகத் தெரியும். எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள், உங்கள் தையலைப் பார்க்க வேண்டும்.