அக்டோபரில் கிளைடர் பயிற்சியை நிறுத்தலாமா?

வணக்கம். கோடையில் ஸ்காட்லாந்தின் போர்ட்மோக்கில் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) ஓட்டக் கற்கத் தொடங்கியதாகவும், இப்போது வின்ச் (தரையிலிருந்து கம்பியால் இழுத்து மேலேற்றும் எந்திரம்) மூலம் ஏறி ஆறே நிமிடத்தில் இறங்கிவிடுவதாகவும் சொல்கிறீர்கள். வசந்தம் வரை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

வெயில் குறைந்து தெர்மல் (சூடான தரையிலிருந்து மேலெழும் காற்று) வலுவிழந்தது உண்மைதான். ஆனால் போர்ட்மோக்கின் பலம் காற்று. மேற்குக் காற்று பிஷப் ஹில் சரிவில் மோதி மேலெழும்போது, அந்த முகட்டை ஒட்டியே மணிக்கணக்கில் பறக்கலாம். வடக்குக் காற்றென்றால் பெனார்ட்டி மலை. அப்புறம் மலை அலை: பாறையைத் தாண்டிய ஆற்றுநீர் போல, மலையைத் தாண்டிய காற்று எழுந்து எழுந்து செல்லும். கீழே ரோட்டரில், அதாவது அலைக்கு அடியில் சுழலும் காற்றில், குலுக்கல் பலமாக இருக்கும், பயப்படாதீர்கள். அலைக்குள் நுழைந்ததும் இறக்கை அசையாது, ஏறும் இறங்கும் வேகத்தை அளக்கும் வேரியோமீட்டர் மட்டும் ஏற்றம் காட்டும். அந்த அமைதியை நீங்கள் ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டும். கோல்டு பேட்ஜ் என்ற கிளைடர் தகுதிச் சின்னத்துக்கான 3,000 மீட்டர் ஏற்றத்தைப் பலர் அலையில்தான் எடுக்கிறார்கள்.

பொழுது சீக்கிரம் சாயும், காலையிலேயே போய்ப் பெயர் கொடுங்கள். காலுறை இரண்டு போடுங்கள், பாதம்தான் முதலில் விறைக்கும். மாலையில் மேற்கு நோக்கி இறங்கும்போது கண் கூசும். அதைப் பயிற்றுநரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். காற்றில்லாத நாளிலும் போங்கள். ஐந்து குட்டிப் பறப்பு என்றால் ஐந்து தரையிறக்கம், தனியாகப் பறக்கும் முன் உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.