பெண் விலங்கியலாளர்களின் பழைய கடிதம், குறிப்பேடுகளை ஏன் காப்பகத்தில் வைக்கிறார்கள்? கட்டுரைகள்தான் அச்சில் இருக்கின்றனவே?

அச்சில் வருவது முடிவு மட்டும்தான். அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பது தாள்களில்தான் கிடைக்கும்.

தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் அருங்காட்சியகத்தை நடத்திவந்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமரைப் பாருங்கள். 1938 டிசம்பர் 22 அன்று, ஒரு மீன்பிடிக் கப்பல் கொண்டுவந்த குவியலில் நீல நிறத்தில் விநோதமான ஒரு மீனைக் கண்டார். மறுநாளே ஜே.எல்.பி. ஸ்மித் என்ற மீனியல் அறிஞருக்குக் கடிதம் எழுதி, கையால் ஒரு படமும் வரைந்து அனுப்பினார். எளிமையான கோடுகள்தான். ஆனாலும் சதைக் காம்பில் நிற்கும் துடுப்புகளும், வால் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன மடலும் அதில் தெரியும். ஸ்மித்தின் பதில் வருவதற்குள் மீனின் உள்ளுறுப்புகள் கெட்டு, தூக்கி எறியப்பட்டுவிட்டன. அழிந்துபோனதாக நினைத்த சீலகாந்த் என்ற ஆதிகால மீன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று ஸ்மித்துக்கு முதலில் உணர்த்தியது அந்தப் படம்தான். 1939-இல் அதற்கு லாட்டிமேரியா என்று மார்ஜரியின் பெயரையே வைத்தார்.

பெண்கள் விஷயத்தில் இந்தத் தாள்களுக்கு மதிப்பு இன்னும் அதிகம் என்பேன். சம்பளமே இல்லாமலும், 'உதவியாளர்' என்ற பெயரிலும் வேலை செய்த பலரின் உழைப்பு, கட்டுரையில் ஒரு நன்றி வரியோடு முடிந்துவிடும். மாதிரியை யார் பிடித்தார், யார் அறுத்துப் பார்த்தார் என்பதைக் குறிப்பேட்டின் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

பார்க்கப் போகிறீர்களா? சரி, முதலில் காப்பகத்தின் பட்டியலைப் படியுங்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய கடிதங்களைச் சில காலம் திறக்கமாட்டார்கள்.