மலைப்பாதையில் மின்சார சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் வாங்க நினைக்கும் மின்சார சைக்கிள், ஒருமுறை சார்ஜ் செய்தால் 80 கிலோமீட்டர் ஓடும் என்கிறது விளம்பரம். என் வீடு மலைமேல் இருக்கிறது. காலையில் 500 மீட்டர் உயரம் இறங்கி வேலைக்குப் போய், மாலையில் அதே உயரத்தை ஏறித் திரும்ப வேண்டும். ஒரு பக்கத் தூரம் 8 கிலோமீட்டர்தான் என்பதால் இந்த வண்டி தாராளமாகப் போதும் அல்லவா?

பதில்: போதலாம், ஆனால் அந்த 80 என்ற எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். சமதளத்தில், எடை குறைந்த ஒருவர், மோட்டாரின் உதவியை மிகக் குறைந்த நிலையில் வைத்து ஓட்டினால் கிடைக்கும் தூரம் அது. மலையில் பேட்டரியைக் காலி செய்வது தூரத்தைவிட உயரமே. நீங்கள், வண்டி, பை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை 500 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 136 வாட்மணி ஆற்றல் வேண்டும். டயரின் உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் சேர்த்தால் 160-ஐத் தாண்டும். பேட்டரியில் இருந்து எடுப்பதில் முக்கால் பங்குதான் சக்கரத்தைச் சேரும் என்று கொண்டால், நீங்கள் பெயருக்கு மட்டும் மிதித்து மோட்டாரையே முழுதும் நம்பும் நாளில் 200 வாட்மணிக்கு மேல் செலவாகும். மூன்றில் ஒரு பங்கு உழைப்பை உங்கள் கால்கள் கொடுத்தால் 150 அளவில் முடித்துவிடலாம்.

இனி பேட்டரியைப் பாருங்கள். அதன்மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்மணியையும் பெருக்கினால் வாட்மணி கிடைக்கும். 36 வோல்ட், 14 ஆம்பியர்மணி என்றால் சுமார் 500. உங்கள் ஏற்றத்தை இரண்டு முறை ஏறியும் மிச்சம் இருக்கும். 36 வோல்ட், 7 ஆம்பியர்மணி என்றால் 250தான். புதிதாக இருக்கும்போது வீடு சேர்க்கும் அந்தப் பேட்டரி, சில ஆண்டுகளில் கொள்ளளவு குறைந்த பிறகு, அதுவும் குளிர்காலத்தில், கடைசி வளைவுகளில் உங்களைத் தள்ளிக்கொண்டு நடக்க வைத்துவிடும். கடைக்காரரிடம் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பதைவிட எத்தனை வாட்மணி என்று கேளுங்கள்.

கேள்வி: சக்கரத்தில் மோட்டார் பொருத்திய வண்டி விலை குறைவாகவும், பெடல் அச்சில் மோட்டார் உள்ள வண்டி மிக அதிகமாகவும் இருக்கிறது. இரண்டும் 250 வாட்தான். அப்படியிருக்க, கூடுதல் பணம் எதற்கு?

பதில்: சமதளத்தில் ஓட்டுபவர் கேட்டிருந்தால், குறைந்த விலை வண்டியையே வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். மலைக்கு என்று கேட்பதால், பணம் இருந்தால் பெடல் அச்சு மோட்டாரை வாங்குங்கள் என்கிறேன்.

நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் சாலையில், 100 கிலோ எடையோடு மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறச் சுமார் 290 வாட் வேண்டும். சராசரி உடல்நிலை உள்ளவர் களைத்துவிடாமல் நெடுநேரம் கொடுக்கக்கூடியது 75 முதல் 100 வாட் வரை. மீதி 200 வாட் அளவை மோட்டார் கொடுக்க வேண்டும். கணக்கின்படி இரண்டு வகை மோட்டாருக்கும் இது இயலும். வேறுபாடு, மோட்டார் எந்த வேகத்தில் சுழன்றபடி அதைக் கொடுக்கிறது என்பதில் இருக்கிறது. சக்கர மோட்டார் சக்கரத்தின் வேகத்துக்குக் கட்டுப்பட்டது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்காக வடிவமைத்த ஒன்றை 10 கிலோமீட்டரில் அரை மணி நேரம் இழுக்கவிட்டால், அது எடுக்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கு வெப்பமாக மாறிவிடும். நீண்ட ஏற்றத்தின் முடிவில் அப்படிப்பட்ட மோட்டாரின் மூடியில் கை வைக்க முடியாது. வெப்பம் எல்லை மீறினால் பாதுகாப்புக்காக வண்டியே உதவியைக் குறைத்துவிடும். அந்தப் பாதுகாப்பு இல்லாத மலிவு வண்டிகளில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரங்களோ கம்பிச்சுருளோ பழுதாகும். பெடல் அச்சில் உள்ள மோட்டார் செயின் வழியாக இழுப்பதால், நீங்கள் கியரைக் குறைக்கும்போது அதற்கும் சுமை குறைகிறது. சக்கரம் மெதுவாகச் சுற்றினாலும் மோட்டார் தனக்கு ஏற்ற வேகத்திலேயே சுழல்கிறது.

மோட்டாரின் முறுக்குவிசையை, அதாவது சுழற்றும் வலிமையை, நியூட்டன் மீட்டரில் போட்டிருப்பார்கள். சக்கர மோட்டாரின் 45 சக்கரத்திலும் 45தான். பெடல் அச்சில் 60 கொடுக்கும் மோட்டார், முன்னால் 34 பல், பின்னால் 46 பல் என்ற கியரில் சக்கரத்தில் 81 ஆகிறது. ஆகவே இரண்டு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

பெடல் அச்சு மோட்டாருக்கும் குறை உண்டு. மோட்டாரின் விசை முழுவதும் செயின் வழியாகப் போவதால் செயினும் பின்பக்கப் பற்சக்கரங்களும் சீக்கிரம் தேயும். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். உங்கள் பாதை அவ்வளவு செங்குத்தாக இல்லாமல், ஏற்றமும் ஒரு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் என்றால், நல்ல சக்கர மோட்டாரே போதும்.

கேள்வி: எனக்கு வயது 58. ஒரு முழங்காலில் தேய்மானம் இருக்கிறது. மலையில் இதை ஓட்டலாமா?

பதில்: முழங்காலின் நிலையை அறிந்த மருத்துவரிடம் கேட்டு அவர் சம்மதித்தால் ஓட்டலாம். முழங்காலை வருத்துவது பெரும்பாலும் கனமான கியரில் அழுத்தி மிதிப்பதுதான். இலேசான கியரில் நிமிடத்துக்கு 70 சுற்று அளவில் கால் சுழலும்படி வைத்துக்கொள்ளுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும் உயரத்துக்கு இருக்கையை ஏற்றுங்கள்.

ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுவது முக்கியம். ஏறிக்கொண்டிருக்கும்போது முழு அழுத்தத்தோடு கியர் மாற்றினால் பின்சக்கரத்தில் படீர் என்று ஒரு சத்தம் கேட்கும். மோட்டாரின் விசையும் சேர்ந்து இழுக்கும்போது செயின் பல்லைத் தாவிப் பிடிக்கும் சத்தம் அது. ஒரு கணம் மிதிப்பதைத் தளர்த்தி மாற்றினால் சத்தமே வராது. உங்களைப் போன்றவர்கள், காலின் அழுத்தத்தை அளந்து அதற்கு ஏற்ப உதவும் சென்சார் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குவது நல்லது. பெடல் சுற்றுவதை மட்டும் கவனிக்கும் சென்சார் சற்றுத் தாமதித்தே வேலை செய்யும் என்பதால், ஏற்றத்தின் நடுவில் நின்று மீண்டும் புறப்படும்போது முதல் மிதியின் சுமை முழுவதும் முழங்காலில் விழும்.

கேள்வி: இறக்கத்தில் பேட்டரி தானாகச் சார்ஜ் ஆகும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பெரும்பாலான வண்டிகளில் இல்லை. பெடல் அச்சு மோட்டார் உள்ளவற்றிலும், உள்ளே பற்சக்கரம் வைத்த சக்கர மோட்டார் உள்ளவற்றிலும், இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுழற்றாமல் தனியே ஓடும். பற்சக்கரம் இல்லாத கனமான சக்கர மோட்டாரில் மட்டும் இது இயலும்; அதிலும் ஏறச் செலவழித்ததில் சிறு பங்கே திரும்பி வரும். மேலும், நிரம்பிய பேட்டரியில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. மலைமேல் வீடு உள்ளவர் இரவெல்லாம் சார்ஜ் செய்துவிட்டுக் காலையில் இறங்கும்போது, அந்த மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் என்று எதிர்பார்த்தால் ஆபத்து.

இந்தக் கேள்வியைவிட, இறங்கும்போது பிரேக் தாங்குமா என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 500 மீட்டர் ஏற எவ்வளவு ஆற்றல் செலவானதோ, இறங்கும்போது அதில் பெரும்பகுதியை இரண்டு சிறிய டிஸ்க்குகள் வெப்பமாக வெளியேற்ற வேண்டும். மின்சார சைக்கிள் சாதாரண சைக்கிளைவிடப் பத்துக் கிலோ அளவுக்குக் கூடுதல் எடை கொண்டது என்பதால் இந்தச் சுமையும் கூடுகிறது. ஆயிலில் இயங்கும் டிஸ்க் பிரேக்கும், 180 மில்லிமீட்டருக்குக் குறையாத டிஸ்க்கும் மலைக்கு அவசியம் என்றே சொல்வேன்; கனமானவர்களுக்கு 203 நல்லது. பின்பிரேக்கை மட்டும் இலேசாக அழுத்தியபடியே நெடுந்தூரம் இறங்குவது மிகத் தவறான பழக்கம். இரண்டையும் சேர்த்து, வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு முழுதும் விட்டுவிடுங்கள். விடும் நேரத்தில்தான் டிஸ்க் குளிரும்.

கருகிய வாடை வந்தாலோ, லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ, வெள்ளி நிறமாக இருந்த டிஸ்க்கில் நீலம் படர்ந்திருந்தாலோ ஓரமாக நிறுத்திக் காத்திருங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளையக்கூடும். விரலால் தொட்டுப் பார்த்தால் தோல் பொசுங்கிவிடும்.

கேள்வி: மிக உயரமான இடங்களில் காற்று மெலிவாக இருப்பதால் மோட்டாரின் வலிமை குறையுமா?

பதில்: குறையாது. எரிபொருளை எரிக்கக் காற்று தேவைப்படும் எஞ்சின்தான் உயரத்தில் தளரும். ஆனால் ஓட்டுபவருக்கு மூச்சு வாங்கும். அதனால் உதவியைக் கூட்டுவார். பேட்டரி சீக்கிரம் இறங்கும். குளிரும் சேர்ந்துகொண்டால் இன்னும் குறையும். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகும் ஊர்களில், பேட்டரியை அறைக்குள் கொண்டுவந்து, அதன் குளிர் விட்ட பிறகே சார்ஜரில் போடுங்கள். உறைகுளிரில் சார்ஜ் செய்தால் லித்தியம் பேட்டரிக்கு நிரந்தரச் சேதம் ஏற்படும்.

கேள்வி: பழைய வண்டி ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

பதில்: முழுதாகச் சார்ஜ் செய்து தரச் சொல்லி, செங்குத்தான ஏற்றம் ஒன்றில் உதவியை உச்சத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஏறும்போது திரையில் பேட்டரியின் கட்டங்கள் சரசரவென்று குறைந்து, நிறுத்தியவுடன் மீண்டும் ஏறினால், அந்தப் பேட்டரி களைத்துவிட்டது என்று பொருள். சமதளத்தில் எவ்வளவு ஓட்டினாலும் இது எளிதில் வெளிப்படாது. மோட்டாரை அணைத்துவிட்டும் சிறிது தூரம் மிதித்துப் பாருங்கள். என்றாவது வழியில் பேட்டரி தீர்ந்தால் அந்த வண்டியை அப்படித்தான் வீடு சேர்க்க வேண்டியிருக்கும். பேட்டரி சரியில்லை என்று தெரிந்தால், அதே வடிவப் பேட்டரி இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்பதை உறுதிசெய்து, அதன் விலையையும் கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள். கிடைக்காது என்றால் வண்டியை விட்டுவிடுங்கள்.