சார்ட்டில் எழுதிய பெயர்

அன்புள்ள மேடம்,

வணக்கம். நான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். என் தோழி என்னோடு பேசாமல் இன்றோடு 17 நாள் ஆகிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்ச். அவள் பெயரை எழுத மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது.

நான் எங்கள் வகுப்பின் எக்கோ கிளப் லீடர். பொங்கல் லீவு முடிந்ததும் எங்களைக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே குளத்தில் மட்டும் இல்லை, ஊருக்குள் வீட்டு வாசலில் நிற்கிற மரங்களில்கூட மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. தரையெல்லாம் எச்சம், மீன் நாற்றம். ஆனால் அந்த ஊரில் யாரும் முகம் சுளிக்கவில்லை. பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடிகூட வைக்க மாட்டார்களாம். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்ப்பார்களாம். 1994-ல் அரசாங்கம் சரணாலயமாக அறிவிக்கும் முன்பே பல காலமாக இப்படித்தான் என்று சார் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நானும் அவளும் கைகோத்து, இனிமேல் நாமும் இயற்கைக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று சத்தியம் செய்தோம். இதை எழுதும்போதே எனக்கு அழுகை வருகிறது. சத்தியம் செய்தவளே மீறலாமா மேடம்?

அதற்கு அடுத்த வாரம்தான் சார்ட் வந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் மதியம் நான் எல்லார் டிபனையும் பார்ப்பேன். பிளாஸ்டிக் கவர் கொண்டு வந்தவர்கள் பெயரைச் சார்ட்டில் சிவப்பு மார்க்கரால் எழுத வேண்டும். நான்கு வாரமும் பெயர் வந்தால் மாதக் கடைசி அசெம்பிளியில் வாசிக்க வேண்டும். இது மிஸ் போட்ட விதி, நான் போட்டதில்லை. என் தோழி தினமும் ஹோட்டல் இட்லியைத்தான் பார்சலாகக் கொண்டு வந்தாள். பிளாஸ்டிக் தாளில் இட்லி, சின்னக் கவரில் சாம்பார், மேலே ரப்பர் பேண்ட். நான் எவ்வளவோ சொன்னேன். என் சொந்தக் காசில் ஒரு மஞ்சப்பை வாங்கிக் கொடுத்தேன். அவள் அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு அவள் அப்பாதான் காலையில் லோடு ஆட்டோ எடுக்கும் முன் பார்சல் வாங்கித் தருகிறார், அதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். ஆனாலும் ஒரு டப்பா கொண்டு போய் வாங்கலாம் இல்லையா? நான் சொன்னேன், கேட்கவில்லை.

நான்கு வாரமும் வந்தது அவள் பெயர் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை அசெம்பிளியில் நான் வாசித்தேன். லீடர் என்றால் தோழி, தோழி இல்லாதவள் என்று பார்க்கக் கூடாது அல்லவா? அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அன்றைக்கே கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். நான் பிறந்தநாளுக்குக் கொடுத்த பேனாவைத் திருப்பித் தந்துவிட்டாள். மஞ்சப்பையைக்கூடத் துவைத்து, மடித்து, என் பெஞ்சில் வைத்துவிட்டாள். நான் இரண்டு முறை போய்ப் பேசினேன், தலையைத் திருப்பிக்கொண்டாள். வகுப்பில் பாதிப் பேர் என்னைத்தான் தப்பு சொல்கிறார்கள். ஆனால் மிஸ் எல்லார் முன்னாலும், "தோழியாக இருந்தாலும் நேர்மையாக நடந்துகொண்டாள்" என்று என்னைப் பாராட்டினார்கள். (இப்போது அவள் பெயர் சார்ட்டில் வருவதும் இல்லை, ஏனென்றால் அவள் டிபனே கொண்டு வருவதில்லை, பெல் அடித்ததும் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு லைப்ரரிக்குப் போய்விடுகிறாள்.) இந்த மாதம் இரண்டு வாரமும் எங்கள் வகுப்புக்கு நூற்றுக்கு நூறு.

நான் கெட்டவள் இல்லை மேடம். மாடியில் சிட்டுக்குருவிக்குத் தண்ணீர் வைக்கிறேன். தெரு நாய்க்குப் பிஸ்கட் போடுகிறேன். போன வருஷம் "அன்பு" என்ற தலைப்பில் பேச்சுப் போட்டியில் எனக்குத்தான் முதல் பரிசு. எல்லா உயிரிடமும் அன்பாக இருக்கிறேன். அவள்தான் என்னிடம் அன்பாக இல்லை. பேனாவைத் திருப்பித் தருவது எவ்வளவு வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? பூமிக்கு நல்லது செய்தால் தோழியை இழக்க வேண்டுமா? யார் மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி

அன்பு மகளே,

யார் மேல் தப்பு என்று கேட்டிருக்கிறாய். அதற்கு அப்புறம் வருகிறேன். உன் கடிதத்தில் ஒரே ஒரு வரியை அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறாய். அவள் டிபன் கொண்டு வருவதில்லை, பெல் அடித்ததும் தண்ணீர் குடித்துவிட்டு லைப்ரரிக்குப் போகிறாள் என்ற வரி. அதை எழுதிய கையோடு நூற்றுக்கு நூறு வாங்கியதைச் சொல்லப் போய்விட்டாய். என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேலாக ஒரு பிள்ளை மதியம் சாப்பிடாமல் இருக்கிறாள். உன் கடிதத்தைப் பார்த்தால் அதைக் கவனித்தது நீ ஒருத்திதான் போலிருக்கிறது. பேச்சே இல்லாத தோழி மதியம் எங்கே போகிறாள், என்ன குடிக்கிறாள் என்று உன் கண் அவள் பின்னாலேயே போகிறது. பாசம் விட்டுப்போனவள் இப்படிப் பார்க்க மாட்டாள். உனக்கு உள்ளே உறுத்துகிறது. அதைச் சொல்லத் தைரியம் வராமல்தான் பேனா, சார்ட், பேச்சுப் போட்டி என்று சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அந்த வரியை விட்டுவிடாமல் எழுதினாயே, அதனால்தான் உன்னிடம் ஒளிக்காமல் பேச முடிகிறது.

உன் வயதில் உடம்பு வேகமாக வளரும். காலையில் என்ன சாப்பிட்டாளோ தெரியாது, மாலை வரை வெறும் தண்ணீரில் இருக்கக் கூடாது. அரசுப் பள்ளியாக இருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மதியம் சத்துணவும் முட்டையும் கிடைக்கும். உங்கள் பள்ளியில் அது இல்லை. அவள் அப்பா இன்னும் பார்சல் வாங்கித் தருகிறாரா, அதை அவள் தன் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறாளா, வழியில் யாருக்காவது கொடுத்துவிடுகிறாளா, இல்லை வீட்டில் வேறு ஏதாவது கஷ்டமா? எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. ஒரு பெரியவர் விசாரிக்க வேண்டிய விஷயம் இது.

சரி, இப்போது தப்புக்கு வருவோம்.

விதியை நீ போடவில்லை என்கிறாய். உண்மைதான். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் சிவப்பு மார்க்கரைக் கொடுத்து, கூடப் படிக்கிறவர்களின் சாப்பாட்டைத் திறந்து பார்த்துப் பெயர் எழுதச் சொன்னதில் பெரியவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் மிஸ்ஸுக்கு நல்ல எண்ணம்தான் இருந்திருக்கும். இருந்தாலும் அந்தச் சார்ட் தவறு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்தவர் டிபனைத் திறந்து பார்ப்பது அவர்கள் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்ப்பது மாதிரி. யார் வீட்டில் அம்மா இருக்கிறார், யார் வீட்டில் இல்லை, யாருக்கு நேற்று வைத்த குழம்பு, எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

ஆனால் மகளே, விதிக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரிந்திருந்தது. அவள் அம்மா ஊரில் இல்லை, அப்பா விடியற்காலையில் கிளம்பும் அவசரத்தில் வாங்கித் தரும் பார்சல் அது என்று உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். வேறு ஒரு பிள்ளை அந்தப் பெயரை வாசித்திருந்தால் அவளுக்கு அவமானமாக இருந்திருக்கும், நாலு நாளில் ஆறியிருக்கும். காரணம் தெரிந்த ஒரே ஆள் மைக்கில் நின்று வாசித்தாய். அவள் அழாமல் உன்னைப் பார்த்தாள் என்று எழுதியிருக்கிறாயே, "உனக்குமா தெரியாது?" என்றுதான் அந்தப் பார்வை கேட்டிருக்கும். இந்த இடத்தில் நான் அவள் பக்கம்தான் நிற்கிறேன். உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

தோழி என்று பார்க்காமல் நடந்துகொண்டதை நீ நேர்மை என்று நினைக்கிறாய், மிஸ்ஸும் அப்படித்தான் சொன்னார்கள். நேர்மைக்கு முழு விஷயமும் வேண்டும். நீ வாசித்தது பாதி. மீதியை எல்லார் முன்னாலும் சொல்லவும் முடியாது, அது அவள் வீட்டுச் சமாச்சாரம். சொல்ல முடியாத காரணம் ஒன்று இருக்கிறது என்றால் பெயரையும் வாசித்திருக்கக் கூடாது. "மிஸ், இந்தப் பெயரை என்னால் வாசிக்க முடியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு வாசிப்பதைவிட அதிகத் தைரியம் வேண்டும், எனக்குப் புரிகிறது. எட்டாம் வகுப்பில் எல்லாருக்கும் அது வந்துவிடாது. அதனால் உன்னைக் கெட்டவள் என்று நான் சொல்லவே மாட்டேன்.

இன்னொன்றும் நீ யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாளும், எந்த அளவிலான பிளாஸ்டிக் தூக்குப்பையும் அந்தப் பட்டியலில் உண்டு. தயாரிப்பது, சேர்த்து வைப்பது, விற்பது எல்லாமே குற்றம். அதாவது அந்த இட்லியைப் பிளாஸ்டிக் தாளில் கட்டியதே கடைக்காரர் செய்யக் கூடாத வேலை. கட்டியவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கி வந்தவரும் தப்பித்துவிட்டார். வரிசையில் கடைசியாக நின்ற பிள்ளையின் பெயர்தான் சார்ட்டில் ஏறியது. குப்பை விஷயத்தில் நம் ஊரில் பெரியவர்களே அடிக்கடி செய்கிற பிழை இது. யார் கைக்கு எட்டுகிறாரோ அவரைப் பிடிப்போம். உனக்கு அவள் பக்கத்திலேயே இருந்தாள்.

அப்புறம் அந்த நூற்றுக்கு நூறு. நான்கு வாரம் எழுதிய பெயர் ஐந்தாவது வாரம் வரவில்லை. சார்ட்டைப் பார்க்கிறவர்கள் பிளாஸ்டிக் குறைந்துவிட்டது என்று நினைப்பார்கள். குறைந்தது அவள் சாப்பாடு. வெட்கப்படுத்தினால் மனிதர்கள் மாறுவது அபூர்வம், பெரும்பாலும் மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். அவளுக்கு மறைக்க வேறு வழி தெரியவில்லை, டிபனையே விட்டுவிட்டாள்.

கூந்தன்குளத்தைப் பற்றி நீ எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்தது. நானும் போயிருக்கிறேன். வாசலில் காயப்போட்ட துணியில் எச்சம் விழும், ராத்திரியெல்லாம் சத்தம், வெயில் ஏறினால் நாற்றம் தாங்காது. அந்த மக்கள் சரணாலயம் என்ற பலகை வருவதற்கு முன்பிருந்தே இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு வாழ்கிறார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டலை அள்ளி வயலுக்குப் போடுகிறார்கள். எச்சம் போடாமல் இருந்தால்தான் கூடு கட்டலாம் என்று எந்தப் பறவைக்கும் அவர்கள் விதி போடவில்லை. நீ அங்கிருந்து வெடி வைக்கக் கூடாது என்பதை எடுத்துக்கொண்டு வந்தாய், அதுவும் நல்லதுதான். பொறுத்துக்கொள்வதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாய். அதற்காக, விழுந்த குஞ்சை எடுப்பது மாதிரி இப்போது அவளிடம் ஓடாதே. அவள் குஞ்சு இல்லை. உன் தோழி, உனக்குச் சமமானவள். பரிதாபப்பட்டு நீட்டுகிற சாப்பாட்டை அவள் தொட மாட்டாள்.

சத்தியத்தை மீறினாள் என்கிறாய். கோபத்தில் இருக்கிறவள் மஞ்சப்பையைக் கசக்கி எறிவாள். அவள் துவைத்து, மடித்து வைத்திருக்கிறாள். அம்மா இல்லாத வீட்டில், பதின்மூன்று வயதில், அவளே துவைத்திருப்பாள். உன் பொருளை அழுக்காகத் திருப்பித் தர அவளுக்கு மனம் வரவில்லை. அவளுக்கு இயற்கை மேல் அக்கறை இல்லை என்று உன்னால் எப்படி நினைக்க முடிந்தது?

நாளை காலை முதல் பெல் அடிக்கும் முன் மிஸ்ஸைத் தனியாகப் பார். "அவள் இரண்டு வாரமாக மதியம் சாப்பிடவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று மட்டும் சொல். அம்மா திருப்பூர் போன கதையை நீ சொல்லாதே, அதைச் சொல்ல வேண்டியவள் அவள். அன்று மாலையே உன் அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு, என் பதிலையும் சேர்த்து. மிஸ் காதில் வாங்கவில்லை என்றால் உன் அம்மா தலைமை ஆசிரியரிடம் பேசட்டும். வீட்டில் ஏதாவது பெரிய கஷ்டம் என்று தெரிந்தால் குழந்தைகளுக்கான 1098 எண் இருக்கிறது, பெரியவர்கள் அதில் பேசலாம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்கும்போது யாரும் கூட இருக்க வேண்டாம். "எனக்குத் தெரிந்திருந்தும் வாசித்தேன், தப்பு" என்று சொல். அதோடு நிறுத்து. "ஆனால் விதி" என்று ஆரம்பிக்காதே, பேனாவைத் திருப்பித் தந்த வலியையும் அன்றைக்குச் சொல்லாதே. அவள் தலையைத் திருப்பிக்கொள்ளலாம். ஒரு மாதம் ஆகலாம், அடுத்த வருஷம் ஆகலாம், பழையபடி ஆகாமலேகூடப் போகலாம். அதை முடிவு செய்யும் உரிமை அவளுக்கு உண்டு. நீ நாட்களை எண்ணிக்கொண்டிருப்பதை விட்டுவிடு.

எக்கோ கிளப்பை விடாதே. சார்ட்டை இறக்கச் சொல்லி மிஸ்ஸிடம் கேள். ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோட்டல்களுக்குப் போய், வாழை இலையில் கட்டித் தரச் சொல்லுங்கள், தூக்குவாளி கொண்டு வந்தால் சாம்பார் ஊற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவள் அப்பா பார்சல் வாங்கும் கடை எது என்று உனக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கடையிலிருந்து ஆரம்பி. ஏன் அங்கே முதலில் போகிறோம் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே.