லினக்ஸ் மிண்ட் போட்ட பிறகு ஒலி இல்லை, ‘டம்மி அவுட்புட்’ என்று மட்டும் காட்டுகிறது. சவுண்டு டிரைவரை எங்கே இறக்குவது?

கேள்வியில் இருக்கும் விவரம்: கும்பகோணத்தில் ஆன்லைன் வாய்ப்பாட்டு வகுப்புக்கு வைத்திருக்கும் லேப்டாப். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மிண்ட் 22 போட்டாயிற்று. வைஃபை, திரை எல்லாம் சரி. ஒலி அமைப்பில் ‘டம்மி அவுட்புட்’ என்ற ஒரே வரி. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் லினக்ஸ் டிரைவர் எதுவும் கிடைக்கவில்லை.

தளத்தில் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். லினக்ஸில் சவுண்டு டிரைவர் கெர்னலோடு (லினக்ஸின் உள்மையம்) சேர்ந்தே வருகிறது. அந்தப் பகுதிக்கு ஆல்சா என்று பெயர். 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலிலிருந்தே அது உள்ளே இருக்கிறது. ஆல்சாவுக்கு மேலே, ஒலியைப் பங்கிட்டுக் கொடுக்கும் பைப்வயர் என்ற சர்வர் ஓடுகிறது (மிண்ட் 21 வரை பல்ஸ் ஆடியோ). அதற்கும் மேலேதான் உங்கள் பிரவுசர். ‘டம்மி அவுட்புட்’ என்பது பைப்வயர் கையை விரிப்பது: கீழேயிருந்து ஒரு சவுண்டு கார்டும் தனக்கு வந்து சேரவில்லை என்கிறது.

கடைமடை வயல் காய்ந்தால் டெல்டாக்காரர்கள் மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள் என்று கேட்பதோடு நிற்பதில்லை. ஆறு, வாய்க்கால், மதகு என்று நடந்து போய், தண்ணீர் எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று பார்க்கிறார்கள். இங்கேயும் அப்படிக் கார்டில் தொடங்கி ஒவ்வொரு படியாக நடந்தால் அரை மணி நேரத்தில் இடம் தெரிந்துவிடும். நடக்காமல் கண்ட கட்டளையை எல்லாம் ஒட்டிப் பார்ப்பவர்கள்தான் மூன்று நாள் அலைகிறார்கள்.

கட்டளைகளை எழுத்துக்கூட்டித் தருகிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் சன்னல்) ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

மிண்ட் போடப் பயன்படுத்திய பென்டிரைவ் கையில் இருக்கிறதா? அதிலிருந்தே லேப்டாப்பை ஏற்றி, லைவ் நிலையில் (பென்டிரைவிலிருந்தே மிண்ட் ஓடும் நிலை) ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். அங்கே ஒலி வந்தால் கார்டு, ஸ்பீக்கர், டிரைவர் எல்லாம் நலம். நிறுவிய பிறகு ஏதோ அமைப்பு மாறியிருக்கிறது. அங்கேயும் இல்லையென்றால் தொடர்ந்து படியுங்கள்.

எல்-எஸ்-பி-சி-ஐ, ஓர் இடைவெளி, கழித்தல் குறி, என்-என்-கே. இதுதான் முதல் கட்டளை. வரும் நீண்ட பட்டியலில் ‘ஆடியோ டிவைஸ்’ அல்லது ‘மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்’ என்ற வரியைத் தேடுங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால் பயாஸில் (கணினி ஏறும்போது திறக்கும் அடிப்படை அமைப்பு) ஒலி அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது போர்டில் கோளாறு. வரி இருந்து, அதன்கீழ் ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்பது இல்லையென்றால் டிரைவர் மாட்யூல் ஏறவில்லை. உபுண்டுவிலும் அதை அடிப்படையாகக் கொண்ட மிண்டிலும் இதற்கு அடிக்கடி வரும் காரணம் ஒன்று உண்டு: கெர்னல் புதுப்பிக்கும்போது ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா’ பேக்கேஜ் விட்டுப்போவது. ஒலி டிரைவர்கள் அதற்குள் இருக்கின்றன. யூ-என்-ஏ-எம்-ஈ, இடைவெளி, கழித்தல் குறி, ஆர் என்று தட்டினால் ஓடும் கெர்னலின் எண் தெரியும். அதே எண்ணுள்ள எக்ஸ்ட்ரா பேக்கேஜை நிறுவுங்கள். நேற்றுவரை ஒலி வந்து இன்று புதுப்பித்தபின் போனது என்றால், கணினி ஏறும்போது வரும் கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கெர்னலில் ஏற்றிப் பாருங்கள். காரணம் புதிய கெர்னலா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

டிரைவர் பெயர் இருந்தும் கார்டு இல்லை என்பதுதான் புதிய லேப்டாப்களில் அதிகம் நடப்பது. சுமார் 2019-க்குப் பிறகு வந்த இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில், திரைக்கு மேலே இருக்கும் மைக் டிஜிட்டல் வகை. அது பழைய பாணியில் ஆடியோ கோடெக்கோடு (ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் சிப்) இணைவதில்லை. பிராசஸர் பக்கம் இருக்கும் டிஎஸ்பியோடு (ஒலி வேலைக்கென்றே உள்ள சிறு செயலி) நேரே இணைகிறது. அந்த டிஎஸ்பி வேலை செய்ய சவுண்டு ஓப்பன் ஃபர்ம்வேர், சுருக்கமாக எஸ்ஓஎஃப், என்ற கோப்பு டிஸ்கில் இருக்க வேண்டும். சுடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் சொல்) சேர்த்து டி-எம்-ஈ-எஸ்-ஜி என்று தட்டி, எஸ்ஓஎஃப் வரும் வரிகளைப் பாருங்கள். ‘டைரக்ட் ஃபர்ம்வேர் லோட்’ என்று தொடங்கி ‘எரர் -2’ என்று முடியும் வரி கண்ணில் படலாம். அந்த -2க்கு ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று பொருள். டிரைவர் கதவைத் தட்டியது, உள்ளே ஆள் இல்லை. மிண்ட் 22-இல் ‘ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்டு’ என்ற பேக்கேஜை நிறுவி, லேப்டாப்பை முழுவதுமாக அணைத்து ஏற்றினால் பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘ஆப்ஷன்ஸ் எஸ்என்டி-இன்டெல்-டிஎஸ்பிசிஎஃப்ஜி டிஎஸ்பி_டிரைவர்=1’ என்ற வரியைப் போடச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். போட்டால் ஸ்பீக்கர் பாடும், உண்மைதான். ஆனால் டிஎஸ்பியை ஒதுக்கிவிட்டுப் பழைய வழியில் போவதால் டிஜிட்டல் மைக் செத்துவிடும். பாட்டுக் கேட்பவருக்கு அது நஷ்டமில்லை. பாட்டுச் சொல்லிக் கொடுப்பவருக்கு மைக் போனால் வகுப்பே போயிற்று. ஃபர்ம்வேரை முயன்று பார்த்தபின், வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைத் தொடுங்கள். ஈடிசி கோப்புறைக்குள் இருக்கும் மோட்புரோப் புள்ளி டி என்ற இடத்தில் தனிக் கோப்பாகப் போடுங்கள். பெயர் ‘புள்ளி கான்ஃப்’ என்று முடியாவிட்டால் அந்தக் கோப்பைக் கணினி படிக்கவே படிக்காது. ‘மாடல்=’ என்று தொடங்கும் வரிகளையும் யாரோ சொன்னார்கள் என்று சேர்க்காதீர்கள். அவை குறிப்பிட்ட கோடெக்குக்கு எழுதப்பட்டவை. தவறான மாடல் போட்டால் இருக்கிற ஒலியும் போகலாம்.

2011 முதல் தமிழக அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் ஆரம்ப ஆண்டுகளுடையதை வைத்திருப்பவர்களுக்கு இந்த ஃபர்ம்வேர் பேச்சு தேவையில்லை. அவை எச்டிஏ வகை, அதாவது டிஎஸ்பி இல்லாமல் நேரே கோடெக்கோடு பேசும் பழைய முறை. அவற்றில் பிரச்சினை வந்தால் பெரும்பாலும் அடுத்து வரும் இடத்தில்தான்.

ஏ-பி-எல்-ஏ-ஒய், இடைவெளி, கழித்தல் குறி, எல். இது ஆல்சா அறிந்த கார்டுகளைக் காட்டும். இங்கே ‘கார்டு 0’ என்று வரி வந்தும் மேலே டம்மி அவுட்புட் என்றால், டிரைவர் குற்றவாளி இல்லை. பைப்வயரை மறுபடி எழுப்புங்கள்: சிஸ்டம்சிடிஎல் (நடுவே குறி இல்லாமல் ஒரே சொல்), இரண்டு கழித்தல் குறியோடு யூசர், ரீஸ்டார்ட், பிறகு பைப்வயர், பைப்வயர்-பல்ஸ், வயர்பிளம்பர். முன்னால் சுடோ சேர்க்காதீர்கள். இது உங்கள் கணக்கில் ஓடும் சேவை, ரூட் என்ற நிர்வாகி கணக்கில் தேடினால் கிடைக்காது. அடுத்து ‘பாவுகன்ட்ரோல்’ என்ற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியைத் திறந்து ‘கான்ஃபிகரேஷன்’ தாவலில் புரொஃபைல் ‘ஆஃப்’ என்று கிடக்கிறதா பாருங்கள். கிடந்தால் ‘அனலாக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ்’ தேர்ந்தெடுங்கள். எச்டிஎம்ஐயைத் தேர்ந்து வைத்துவிட்டு லேப்டாப் ஸ்பீக்கரில் காது வைத்துக் காத்திருப்பதும் சகஜம்.

இசைக்காரர்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. மிடி கோப்புகளை வாசிக்க ‘டிமிடிட்டி’ நிறுவும்போது அதன் டீமன் (பின்னணியில் ஓடும் சேவை) சேர்ந்து வந்து, கணினி ஏறும்போதே கார்டைப் பிடித்துக்கொள்கிறது. பைப்வயருக்குக் கார்டு கிடைப்பதில்லை. ‘டிமிடிட்டி-டீமன்’ பேக்கேஜை மட்டும் நீக்கினால் போதும்.

கார்டு தெரிகிறது, டம்மி போய்விட்டது, ஆனாலும் நிசப்தம் என்றால் டெர்மினலில் ஆல்சாமிக்சரைத் திறங்கள். எஃப்6 அழுத்திக் கார்டைத் தேர்ந்தெடுங்கள். நெட்டுக்குத்தாகக் கம்பங்கள் நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னக் கட்டம். அதில் ‘எம்எம்’ என்றிருந்தால் அந்த மதகு அடைத்துக் கிடக்கிறது. எம் விசையை ஒரு முறை தட்டினால் பச்சையில் ‘00’ ஆகும். மாஸ்டரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஸ்பீக்கர், ஹெட்போன், பிசிஎம் மூன்றும் திறந்திருக்க வேண்டும். வலது பக்கம் நகர்ந்துகொண்டே போனால் ‘ஆட்டோ-மியூட்’ வரும்.

இந்த ஆட்டோ-மியூட்டைப் பற்றி நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உப்புக் காற்றில் இயர்போன் ஜாக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு களிம்பேறுகிறது. எதுவும் செருகாமலேயே ஹெட்போன் செருகியிருப்பதாகக் கோடெக் நினைத்து ஸ்பீக்கரை அடைத்துவிடுகிறது. பாவுகன்ட்ரோலில் ‘ஹெட்போன்ஸ்’ பக்கத்தில் ‘பிளக்டு இன்’ என்று காட்டினால் இதுதான். லேப்டாப்பை அணைத்துவிட்டு, இயர்போன் பின்னில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாகத் தடவி, பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுங்கள். நன்றாக உலர்ந்தபின் ஏற்றுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டி இன்னும் அடைத்துக்கொள்ளும். அதுவரை ஆட்டோ-மியூட்டை ‘டிஸேபிள்டு’ ஆக்கி, சுடோ ஆல்சாசிடிஎல் (இதுவும் ஒரே சொல்) ஸ்டோர் என்று சேமித்துவைத்தால் வேலை ஓடும்.

ஒலி வந்தபின் தொடக்கத்தில் ‘டப்’ என்று தட்டுகிறது, தம்பூராவின் முதல் மீட்டு விழுங்கப்படுகிறது என்றால் அது மின்சேமிப்பு: கோடெக் தூங்கி எழுகிறது. ‘ஆப்ஷன்ஸ் எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல் பவர்_சேவ்=0’ என்ற வரியை மேலே சொன்ன மோட்புரோப் புள்ளி டி இடத்தில் போட்டால் எச்டிஏ கார்டுகளில் அது நிற்கும். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிடும் ‘ஊம்’ இரைச்சலோ பெரும்பாலும் எர்த் சரியில்லாத பிளக்கிலிருந்து வருவது. அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மசியவில்லை என்றால், ஏ-எல்-எஸ்-ஏ, கழித்தல் குறி, ஐ-என்-எஃப்-ஓ என்ற ஸ்கிரிப்டை, முன்னால் இரண்டு கழித்தல் குறியோடு ‘நோ-அப்லோடு’ சேர்த்து ஓட்டுங்கள். கார்டு, கோடெக், கெர்னல், மிக்சர் நிலை எல்லாம் ஒரே கோப்பில் வந்துவிடும். அதையும், மேலே எந்தப் படியில் நின்றுவிட்டது என்பதையும் கேள்வியோடு சேருங்கள். அதற்குள் வகுப்பு நாள் வந்துவிட்டால் சாதாரண யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்றை வாங்கிச் செருகுங்கள். ஸ்பீக்கரும் மைக்கும் அதில் போகும், பெரும்பாலானவற்றுக்குத் தனி டிரைவர் எதுவும் வேண்டாம்.