முந்நூறு சொல் பாடமாக்கியும் ஒரு பந்தி எழுத வரவில்லை

கேள்வி: நான் ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில் தமிழ் மொழிமூலம் படித்து, கொழும்பில் முகாமைத்துவம் படிக்க வந்தவள். இப்போது முதலாம் வருடம். எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். வாட்ஸ்அப்பில் கிடைத்த 570 கல்விசார் ஆங்கிலச் சொற்களின் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழ்க் கருத்து எழுதி, இரவுக்கு இருபது வீதம் பாடமாக்குகிறேன். அகரவரிசையில் ‘ஐ’ எழுத்துவரை முந்நூறுக்கு மேல் முடித்துவிட்டேன். ஆனால் முதல் ஒப்படையிலேயே பதினான்கு இடத்தில் சிவப்புக் கோடு. இலக்கணம் பரவாயில்லை, சொற்கள்தான் பொருந்தவில்லை என்றார் விரிவுரையாளர். அறையில் கூட இருப்பவர்கள் கொழும்பிலேயே படித்தவர்கள், சரளமாக ஆங்கிலம் பேசுகிறார்கள். எனக்கு வாயைத் திறக்கவே கூச்சம். மிச்சச் சொற்களையும் பாடமாக்கவா, இல்லை காலி வீதியில் விளம்பரம் போட்டிருக்கும் ஸ்போக்கன் இங்லிஷ் வகுப்பில் சேரவா?

— வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவி

பதில்: அன்புத் தங்கச்சி, ஒப்படையின் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பியது நல்ல வேலை. அதைப் பார்க்காமல் பதில் எழுதியிருந்தால் நானும் ‘நிறைய வாசியுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

முதலில் அந்த வகுப்பு விஷயம். இப்போது வேண்டாம். கடையிலும் பஸ்ஸிலும் பேசுகிற ஆங்கிலம் ஒன்று, விரிவுரைக் குறிப்பில் இருக்கிற ஆங்கிலம் வேறொன்று. உங்கள் கூச்சம் போக அப்படியொரு வகுப்பு உதவலாம், ஆனால் அந்தப் பதினான்கு சிவப்புக் கோட்டில் ஒன்றைக்கூட அது அழிக்காது. உங்கள் அறைத் தோழிகளும் இதே சொற்களைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும். நம்பாவிட்டால் அவர்களுடைய ஒப்படைகளை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள்.

இனிப் பட்டியல். அது நல்ல பட்டியல்தான். நியூசிலாந்தில், வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவெரில் கொக்ஸ்ஹெட் என்பவர் 2000ஆம் ஆண்டு வெளியிட்டது. கலை, வணிகம், சட்டம், விஞ்ஞானம் ஆகிய நான்கு துறைகளின் பாட எழுத்துகளில் சுமார் 35 இலட்சம் சொற்களைத் திரட்டி, எல்லாத் துறையிலும் அடிக்கடி திரும்பி வருபவை எவை என்று எண்ணிப் பார்த்துச் செய்தார். பல்கலைக்கழகப் புத்தகத்தில் பத்துச் சொல் வாசித்தால் கிட்டத்தட்ட ஒன்று இந்தப் பட்டியலில் இருக்கும். 570 என்பது தனிச்சொற்களின் கணக்கும் அல்ல, சொற்குடும்பங்களின் கணக்கு. ‘அனலைஸ்’, ‘அனலிசிஸ்’, ‘அனலிட்டிக்கல்’ எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம்.

அவர் அதை அகரவரிசையில் தரவில்லை என்பதுதான் உங்களுக்கு யாரும் சொல்லாமல் விட்ட சங்கதி. எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று பார்த்துப் பத்துப் பிரிவாகப் பிரித்திருந்தார். முதல் பிரிவில் இருக்கும் 60 சொற்கள்தான் மிக அதிகமாக வருபவை. கைமாறிக் கைமாறி வந்த பிரதியில் யாரோ அகரவரிசைப்படுத்திவிட்டார்கள். அதனால் நீங்கள் முதலாவதாகப் பாடமாக்கிய ‘அபான்டன்’ எட்டாம் பிரிவுச் சொல். உங்கள் குறிப்புகளில் பக்கத்துக்குப் பக்கம் வரக்கூடிய ‘பொலிசி’, ‘ரிக்வயர்’, ‘ரிசர்ச்’, ‘செக்டர்’, ‘சிக்னிஃபிகன்ட்’, ‘தியரி’, ‘வேரி’ எல்லாம் முதல் பிரிவு. அவற்றுக்கு நீங்கள் இன்னும் வந்து சேரவேயில்லை. பத்துப் பிரிவாக உள்ள பிரதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை எடுத்து முதல் 60ஐ மட்டும் மேசையில் வையுங்கள்.

ஆனால் வரிசையை மாற்றினால் மட்டும் போதாது. எந்தச் சொல்லைப் படிக்க வேண்டும் என்று பட்டியல் சொல்லும். எப்படிப் படிப்பது என்று அது சொல்லாது. உங்கள் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

நாலாம் ஐந்தாம் வகுப்பில் மரபுச் சொற்கள் படித்தோமே, நினைவிருக்கிறதா? குயில் கூவும், மயில் அகவும், காகம் கரையும், யானை பிளிறும். வாழைக்கு இலை, தென்னைக்கு ஓலை, தாழைக்கு மடல். ‘யானை கூவியது’ என்று எழுதினால் வாக்கிய அமைப்பில் பிழை ஒன்றும் இல்லை. எழுவாய் சரி, பயனிலை சரி. ஆனாலும் ஆசிரியர் சிவப்புப் பேனையால் சுழித்துவிடுவார். அப்புறம் ‘பிடி’ என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். குடை பிடிக்கிறோம், மீன் பிடிக்கிறோம், படம் பிடிக்கிறோம், பிள்ளை அடம் பிடிக்கிறது. இதையெல்லாம் அகராதி பார்த்தா படித்தோம்? சேர்த்தே கேட்டோம், சேர்த்தே பேசினோம்.

ஆங்கிலத்திலும் அதேதான், அங்கே அதற்குப் பெயர் கொலொகேஷன். நீங்கள் தேயிலை மலையிலிருந்து வந்தவர், ஒரு தேத்தண்ணி உதாரணம் சொல்கிறேன். சாயம் கூடின தேத்தண்ணியை ‘ஸ்ட்ராங் டீ’ என்கிறோம். ‘பவர்ஃபுல் டீ’ என்று யாரும் சொல்வதில்லை. காரென்றால் ‘பவர்ஃபுல் கார்’ என்பார்கள். இரண்டுக்கும் தமிழில் ‘வலிமையான’ என்று கருத்து எழுதிப் பாடமாக்கினால் இந்த வேறுபாடு எங்கே தெரியும்? மைக்கல் ஹாலிடே என்ற மொழியியலாளர் 1966இல் எழுதிய கட்டுரையில் காட்டிய உதாரணம் இது.

இப்போது உங்கள் சிவப்புக் கோடுகளுக்கு வருவோம். ‘மேட் எ ரிசர்ச்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் ஆராய்ச்சி ‘செய்கிறோம்’, அதனால் ‘மேக்’ என்று கை போய்விட்டது. ஒப்படையில் ‘கண்டக்ட் ரிசர்ச்’ அல்லது ‘கேரி அவுட் ரிசர்ச்’ என்று எழுத வேண்டும். முன்னால் ‘எ’ வராது, பின்னால் பன்மை ‘எஸ்’ஸும் சேராது. ‘டிஸ்கஸ்ட் அபவுட் இன்ஃப்ளேஷன்’ என்பதும் தமிழின் ‘பற்றி’ போய் ஒட்டிக்கொண்டதால் வந்தது. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்கு ‘அபவுட்’ தேவையில்லை. ஆனால் ‘டிஸ்கஷன்’ என்று பெயர்ச்சொல்லாக வந்தால் ‘அபவுட்’ வரலாம். ‘எம்ஃபசைஸ் ஆன்’ என்று எழுதியதும் இதே மாதிரிதான். ‘எம்ஃபசிஸ்’ என்ற பெயர்ச்சொல்லோடு ‘ஆன்’ வரும், வினையோடு வராது. ஒரு குடும்பம் என்றாலும் அக்காவுக்கும் தங்கச்சிக்கும் கூட்டாளிகள் வேறு.

எனக்கு மனதில் நின்றது ‘2022 எகனமிக்கல் கிரைசிஸ்’. நாங்கள் எல்லோரும் காஸ் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடம். பொருளாதாரத்தைச் சார்ந்தது ‘எகனமிக்’, சிக்கனமானது ‘எகனமிக்கல்’. நீங்கள் எழுதியதை அப்படியே தமிழில் சொன்னால் ‘சிக்கனமான நெருக்கடி’ என்று வரும். பட்டியலில் ‘எகனமி’ என்று ஒரே ஒரு சொல்தான் இருந்திருக்கும். குடும்பத்தில் மற்றவர்கள் யார், அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று பார்க்காததால் வந்த பிழை இது.

சரி, என்ன செய்யலாம்? ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். இரவுக்கு இருபது வேண்டாம், மூன்று போதும். மூன்று வீதம் போனாலே 20 நாளில் முதல் பிரிவு முடிந்துவிடும்.

‘அஸ்யூம்’ என்ற சொல்லை எடுத்துக் காட்டுகிறேன். உங்கள் பட்டியலில் இதற்குக் ‘கருது’ என்று எழுதியிருப்பீர்கள். பட்டியலில் இல்லாத ‘திங்க்’, ‘கன்சிடர்’, ‘ரிகார்ட்’ எல்லாவற்றுக்கும் தமிழில் அதே ‘கருது’தான் வரும். அப்படியானால் எதை எங்கே போடுவது? இதற்குத்தான் ஆங்கிலத்திலேயே உள்ள வரைவிலக்கணம் வேண்டும். மாணவர்களுக்கென்று செய்த அகராதியாகப் பாருங்கள். லோங்மன் 1978இல் வெளியிட்ட மாணவர் அகராதியில் சுமார் 2000 எளிய சொற்களை மட்டும் வைத்து எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதினார்கள். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லோங்மன் மூன்றின் மாணவர் அகராதிகளையும் இன்று ஃபோனில் இலவசமாகப் பார்க்கலாம். திறந்தால், ஒரு விஷயத்தை உண்மையென்று எடுத்துக்கொள்வது, ஆனால் ஆதாரம் இல்லாமல் எடுத்துக்கொள்வது என்ற பொருளில் இருக்கும். அந்த ‘ஆதாரம் இல்லாமல்’ என்பதுதான் ‘அஸ்யூம்’மின் உயிர். ‘கருது’ என்று எழுதியபோது தொலைந்துபோனது அதுதான். வரைவிலக்கணத்தை வாசித்துவிட்டு, அகராதியை மூடி, உங்கள் சொந்த ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுங்கள். அதன் கீழே தமிழில் ஒரு வரியும் எழுதலாம், அதில் குற்றமில்லை. ஒற்றைச் சொல்லாக இல்லாமல் முழு வரியாக இருந்தால் சரி.

அடுத்து இந்த வாரத்து விரிவுரைக் குறிப்பில் அந்தச் சொல் வந்த வாக்கியத்தைத் தேடி அப்படியே எழுதுங்கள். பொருளியல் பாடத்தில் ‘லெட் அஸ் அஸ்யூம் தட் ப்ரைசஸ் ரிமெய்ன் கான்ஸ்டன்ட்’ என்று நிச்சயம் எங்காவது இருக்கும். விலை மாறாது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம் என்பது பொருள். ‘தட்’ வந்திருக்கிறதே, அதன் கீழே கோடு போடுங்கள்.

பிறகு கூட்டாளிகள். ‘அஸ்யூம் ரெஸ்பொன்சிபிலிட்டி’ என்றால் பொறுப்பேற்பது. பொருளே வேறு பக்கம் திரும்பிவிட்டது, பாருங்கள். பெயர்ச்சொல் ‘அசம்ப்ஷன்’. அதற்கு ‘மேக்’ வரும், ‘மேக் அன் அசம்ப்ஷன்’. ரிசர்ச்சுக்கு வராத ‘மேக்’ இங்கே வருகிறது. ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, குயில் ஏன் கூவுகிறது என்பதைப் போலத்தான். ‘பேஸ்ட் ஆன் தி அசம்ப்ஷன் தட்’ என்பதையும் ஒரே துண்டாக எழுதி வையுங்கள். அப்படியே தூக்கி ஒப்படையில் வைக்கலாம். கூட்டாளிகளைக் கண்டுபிடிக்க ‘ஸ்கெல்’ என்ற இலவச இணையத்தளம் இருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்கு முன்னும் பின்னும் வழக்கமாக வருபவற்றையும் உதாரண வாக்கியங்களையும் தரும். அங்கே காண்கிற எல்லாவற்றையும் எழுதத் தேவையில்லை, உங்கள் பாடத்துக்கு வேண்டிய மூன்று நாலு போதும்.

கடைசி வரி உங்களுடையதாக இருக்க வேண்டும். பாட விஷயமாக இருக்க வேண்டுமென்பதில்லை, உங்கள் வாழ்க்கையில் நடந்ததாக இருந்தால் மறக்காது. பதுளை ரயிலில் இடம் கிடைக்கும் என்று நம்பிக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ஏறி, ஹட்டன்வரை நின்றுகொண்டே போன நாள் ஒன்று உங்களுக்கும் இருக்குமே. ‘ஐ அஸ்யூம்ட் தட் ஐ வுட் கெட் எ சீட்’. ஆதாரம் இல்லாமல் எடுத்துக்கொண்டது என்பது இனி அந்தக் கால்வலியோடு நினைவில் நிற்கும்.

நானும் வேறொரு ஊரிலிருந்து கொழும்புக்குப் படிக்க வந்தவள்தான். வந்த புதிதில், வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் சனிக்கிழமைகளில் போவேன். ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தை மேசையில் விரித்து, ஒரு சொல்லைத் தன் சுட்டுவிரலால் மறைப்பார். ‘பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து இவர் யாரென்று சொல்லு’ என்பார். முதல் மாதம் எனக்கு ஒன்றும் வரவில்லை. கண்ணீர் வந்த நாளும் உண்டு. பிறகு மெல்ல மெல்ல, விரலை எடுக்கும் முன்னமே வாயில் சொல் வந்து நிற்கத் தொடங்கியது. உங்கள் கொப்பியையும் அப்படிச் சோதியுங்கள். சொல்லை மறைத்துக் கூட்டாளியைப் பாருங்கள், கூட்டாளியை மறைத்துச் சொல்லைப் பாருங்கள். அன்றைக்கு ஒரு தடவை, இரண்டு நாள் விட்டு ஒரு தடவை, ஒரு கிழமை விட்டு ஒரு தடவை. ஒரே இரவில் பத்துத் தடவை பார்ப்பதைவிட இப்படி இடைவெளி விட்டுப் பார்ப்பது கூடுதலாக நிற்கும்.

இன்னொன்று. சாதாரணச் சொல்லை எடுத்துவிட்டு அதே பொருளில் பெரிய சொல்லைத் தேடிப் போடும் பழக்கம் உங்கள் பக்கங்களில் தெரிகிறது. ‘யூஸ்’ போதுமான இடத்தில் ‘யூட்டிலைஸ்’, ‘பிக்’ என்று எழுதக்கூடிய இடத்தில் ‘சப்ஸ்டான்ஷியல்’. கூட்டாளி தெரியாத பெரிய சொல்லைவிடக் கூட்டாளி தெரிந்த சின்னச் சொல் நல்லது. கொப்பியில் ஒரு பக்கம் எழுதப்படாத சொல்லை ஒப்படைக்குள் விடாதீர்கள்.

முந்நூறு சொல்லைப் பாடமாக்கியது வீண் போகவில்லை, தங்கச்சி. வாசிக்கும்போது அவை கைகொடுக்கும், இப்போதே கொடுத்துக்கொண்டிருக்கும். எழுதுவதற்குத்தான் இந்தக் கொப்பி. அதைத் திறந்ததும் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டாம். ஒப்படையை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். முதல் பதினான்கு பக்கமும் அந்தப் பதினான்கு சிவப்புக் கோட்டுக்குத்தான். பொருந்தவில்லை என்று சொன்ன விரிவுரையாளரிடமே கொப்பியைக் கொண்டுபோய், எழுதியது சரியா என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தைத் திறந்து நீட்டுங்கள்.