30-க்கு 25 அடி தளத்துக்கு 70 மூட்டை போதுமா?

வணக்கம் சார். 30-க்கு 25 அடி ரூஃப், 5 அங்குல கனம், மேஸ்திரி 70 மூட்டை சிமெண்ட் போதும் என்கிறார், சரியா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. அவர் பீமைக் கணக்கில் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

தளம் மட்டும் 750 சதுர அடி. 5 அங்குலத்தை 12-ஆல் வகுத்துப் பெருக்கினால் 312.5 கன அடி, அதாவது 8.85 கன மீட்டர். எம்20 என்ற கான்கிரீட் கலவைக்கு (சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3) கன மீட்டருக்கு 8 மூட்டை பிடிக்கும். 70 மூட்டையும் இதிலேயே தீர்ந்துவிடும்.

நீங்கள் எழுதிய பீம் மொத்தம் 110 அடி, 9 அங்குல அகலம், தளத்துக்குக் கீழே 10 அங்குலம் இறங்குகிறது. அது தனியாக 69 கன அடி. இரண்டும் சேர்த்து 10.8 கன மீட்டர். 5 சதவீதம் சேதாரம் போட்டால் 91 மூட்டை. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஒன்றே முக்கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), முக்கால் இஞ்ச் ஜல்லி மூன்றரை யூனிட்.

எங்கள் வீட்டில் தளம் போட்ட அன்று சாயங்காலம் நாலு மணிக்கு 6 மூட்டை குறைந்தது. கடைக்குப் போய் வருவதற்குள் போட்ட விளிம்பு இறுகிவிட்டது. இன்றும் மழை பெய்தால் அந்தக் கோட்டில்தான் கசிகிறது. தயவுசெய்து 95 மூட்டையாக இறக்கி வையுங்கள், மிச்சம் பூச்சு வேலைக்கு ஆகும். குறைந்தால் மணலைக் கூட்டிச் சமாளிக்க மட்டும் விடாதீர்கள்.